சடையாண்டி கிண்டிய மாங்கொட்டைக் களி

காட்டோடைக் கரையில் சடையாண்டி என்றொரு கரடி இருந்தான். ஆள் பெரிது. முடி அதைவிடப் பெரிது. வாய் எல்லாவற்றையும்விடப் பெரிது.

அவனுக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது.

அந்த மலைக் கரடிகளிடம் ஒரு வழக்கம். பெண் வீட்டார்தான் மாப்பிள்ளையைப் பார்க்க வருவார்கள். மாப்பிள்ளை காட்டில் தானே பொறுக்கியதைத் தன் கையாலேயே சமைத்துப் பரிமாற வேண்டும். சாப்பாடு பிடித்தால் சம்பந்தம். பிடிக்காவிட்டால், "போய்ட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு, வராமலே இருந்துவிடுவார்கள்.

ஒரு நாள் காகம் பறந்து வந்து கிளையில் உட்கார்ந்தது.

"ஏ சடையாண்டி! மேட்டுப்பாறை இருளப்பர் தன் மக செவந்தியைக் கூட்டிக்கிட்டு நாளைக்கு மத்தியானம் வர்றாராம்! விருந்து உண்டான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு!"

சடையாண்டி துள்ளி எழுந்தான். செவந்தியை அவன் பார்த்திருக்கிறான். போன கோடையில் அவள் ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். அன்றைக்கு அவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவன் பிறந்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு மத்தியானம்தான். அதற்கப்புறம் வேறு எந்தப் பெண்ணைப் பற்றியும் அவனுக்கு நினைப்பே இல்லை.

"விருந்தா கேட்கிறாரு?" என்று மார்பை நிமிர்த்தினான். "என் கைப்பக்குவத்துக்கு இருளப்பர் இலையையும் சேர்த்துத் தின்னுடுவாருன்னு போய்ச் சொல்லு!"

காகம் போய்விட்டது. அப்புறம்தான் சடையாண்டிக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அவனுக்குச் சமைக்கத் தெரியாது.

தேன் கிடைத்தால் அப்படியே நக்குவான். கரையான் கிடைத்தால் அப்படியே உறிஞ்சுவான். சட்டி என்றால் எந்தப் பக்கம் திறந்திருக்கும் என்பதுகூட அவனுக்கு யோசித்தால்தான் தெரியும். சிரிக்காதீர்கள். இதைச் சொல்கிற எனக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும். அதிலும் எப்படியோ அடிப்பிடித்த வாசனை வந்துவிடுகிறது.

"அட சடையாண்டி! உனக்கு மூளையை வைக்க வேண்டிய இடத்துலயும் கடவுள் நாக்கையே வெச்சுட்டாரு போல!" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

திட்டினால் சோறு வருமா? காடு முழுக்கத் தேடிப் போனான். மழை பிடித்துவிட்டதால் தேனீக்கள் கூட்டைக் காலி செய்துவிட்டிருந்தன. கரையான் புற்றுகளில் தண்ணீர் நின்றது. பழக்காலமும் முடிந்துவிட்டது. ஒன்றுமே இல்லை.

சுற்றிச் சுற்றி ஓய்ந்து, ஒரு காட்டு மாமரத்தின் அடியில் பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் "ஐயோ!" என்று எழுந்தான். கீழே ஏதோ குத்தியது. பார்த்தால் மாங்கொட்டை! ஒன்றா, இரண்டா? குரங்குகள் பழத்தைத் தின்றுவிட்டுத் துப்பிய கொட்டைகள் மரத்தடி பூராவும் சிதறிக் கிடந்தன.

ஒன்றைக் கல்லால் உடைத்தான். உள்ளே வெள்ளையாக, கொழுக்கென்று ஒரு பருப்பு இருந்தது.

"கிடைச்சுடுச்சு! என் கல்யாணம் இங்கேதான் கிடக்கு!" என்று குதித்தான்.

மேலே கிளையில் சிங்காரம் என்ற மலையணில் இருந்தது.

"அண்ணே, அது துவர்ப்புன்னா துவர்ப்பு, அப்படியொரு துவர்ப்பு! அப்படியே சமைச்சுடாதே. பஞ்சம் வந்தப்போ எங்க வீட்டுல இதைத்தான் தின்னோம். சின்னச் சின்னதா நறுக்கித் தண்ணியில ஊறப் போடு. தண்ணி செம்பட்டையா மாறும். அதைக் கொட்டிட்டு வேற தண்ணி ஊத்து. மாத்தி மாத்திக் கொட்டு. நடுநடுவே வாயில போட்டுப் பாரு. துவர்ப்பு போன பிறகு அரைச்சுக் களி கிண்டு. பிரமாதமா இருக்கும்!"

"இதெல்லாம் எனக்குத் தெரியாதா தம்பி!" என்றான் சடையாண்டி. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் மாங்கொட்டைக்குள் பருப்பு இருப்பதையே கண்டுபிடித்தவன் அவன்.

தேனெடுக்க வந்த மனிதர்கள் விட்டுப்போன பெரிய மண்சட்டி ஒன்று பாறை இடுக்கில் கிடந்தது. அதை உருட்டி வந்தான். கொட்டைகளை உடைத்தான். பாதியில் தன் விரலையும் சேர்த்து உடைத்துக்கொண்டான். பருப்பை நறுக்கி ஊறப் போட்டான். அதுவரை எல்லாம் சரிதான்.

மறுநாள் காலையில் சட்டியை எட்டிப் பார்த்தான். தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது.

"கொட்டுண்ணே!" என்று மேலேயிருந்து கத்தியது சிங்காரம்.

சடையாண்டிக்கு மனசு வரவில்லை.

"எப்படியாப்பட்ட நிறம் பாரு! பருப்போட சத்தெல்லாம் இதுலதானே இறங்கியிருக்கு? இதைக் கொண்டுபோய் ஓடையில கொட்டச் சொல்றியே, நான் என்ன ஓடையையா கட்டிக்கப் போறேன்?"

ஒரு சொட்டுகூடக் கொட்டவில்லை. பருப்பை அரைத்தான். அந்தச் செம்பட்டைத் தண்ணீரையே உலையாக வைத்தான். மாவைப் போட்டுக் கிண்டினான், கிண்டினான், அப்படிக் கிண்டினான். களி பளபளவென்று திரண்டு வந்தது.

"அண்ணே, ஒரு வாய் போட்டுப் பாரேன்!" என்று கெஞ்சியது சிங்காரம்.

"சேச்சே! விருந்தாளிக்கு வெச்சதுல நான் முதல்ல வாய் வைக்கிறதா? எச்சில் ஆயிடாதா? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது!"

மத்தியானம் விருந்தாளிகள் வந்தார்கள். முன்னால் இருளப்பர், அவர் பின்னால் மனைவி பேச்சியம்மா, கடைசியாகச் செவந்தி. சடையாண்டி தேக்கிலையைப் போட்டு, ஆளுக்கு ஒரு பெரிய உருண்டை களி வைத்தான்.

இருளப்பர் நல்ல பசியோடு வந்திருந்தார். உருண்டையில் பாதியை ஒரே வாயில் போட்டார். அடுத்த கணம் அவருடைய நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கன்னம் இரண்டும் உள்ளே போயின. கண்ணில் தண்ணீர் வந்தது.

"எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டான் சடையாண்டி.

இருளப்பர் மரியாதை தெரிந்தவர். ஒருவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவன் சோற்றைக் குறை சொல்வாரா? கஷ்டப்பட்டு வாயைப் பிரித்தார்.

"பி... பிரமாதம்!"

"ஆனந்தத்துல கண்ணீரே வந்துடுச்சு பாருங்க அத்தை!" என்று பூரித்துப்போய், அவர் இலையில் இன்னொரு உருண்டையை வைத்தான்.

பேச்சியம்மா அதைப் பார்த்து அரண்டுபோனாள். "நிறம் ரொம்ப நல்லா இருக்கு தம்பி" என்று ஜாக்கிரதையாகச் சொன்னாள். பாவம், அதற்கும் ஒரு உருண்டை விழுந்தது. புகழப் புகழ இலை நிறைந்தது. இருளப்பர் மனைவியை முறைத்தார். 'வாயைத் திறக்காதே' என்று அதற்கு அர்த்தம்.

செவந்தி தன் உருண்டையில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டாள். மெல்ல விழுங்கினாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"ஏங்க, இதை நீங்க சாப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"அது எப்படிங்க? விருந்தாளி சாப்பிடாம நான் எப்படி...?"

"நாங்கதான் சாப்பிட்டாச்சே. இப்போ நீங்க சாப்பிடுங்க."

அவள் கேட்டு மறுக்க முடியுமா? சடையாண்டி ஒரு முழு உருண்டையை எடுத்து, ஸ்டைலாக வாய்க்குள் எறிந்தான்.

அவ்வளவுதான்! வாய்க்குள் யாரோ சுருக்குப் பை கட்டியது போலாகிவிட்டது. மென்று துப்பலாம் என்றால் பல் பிரியவில்லை. விழுங்கலாம் என்றால் தொண்டையில் இறங்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. ஒருவழியாக விழுங்கிவிட்டு விருந்தாளிகளைப் பார்த்தான். இவர்கள் இதையா இவ்வளவு நேரம் 'பிரமாதம்' என்றார்கள்!

கல்யாணம் கைநழுவிப் போவது அவன் கண்ணுக்கே தெரிந்தது. பயத்தில் வாய் தானாகவே பேச ஆரம்பித்தது.

"இது... இது என் தப்பில்லை மாமா! இந்தச் சிங்காரம் பயதான் எனக்கு..."

மேலே பார்த்தான். கிளையில் அணில் வாலை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பேந்தப் பேந்த விழித்தபடி உட்கார்ந்திருந்தது. கொட்டச் சொன்னது அது. வாயில் போட்டுப் பார்க்கச் சொன்னதும் அதுதான்.

சடையாண்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது. குனிந்து தன் சட்டியைப் பார்த்தான். பளபளவென்று மின்னுகிற அந்தக் களியைப் பார்க்கப் பார்க்க அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சிங்காரம்தான் எனக்கு எல்லாத்தையும் சரியாச் சொன்னான்னு சொல்ல வந்தேன் மாமா. நான்தான் பெரிய சமையல் சக்கரவர்த்தியாச்சே, கேட்பேனா? ஊர்ல எல்லாரும் துவர்ப்பைக் கொட்டிட்டுப் பருப்பைச் சமைப்பாங்க. நான் துவர்ப்பை ஒரு சொட்டு சிந்தாம சேர்த்து வெச்சு உங்களுக்குப் பரிமாறிட்டேன்! இதை யானைக்குப் போட்டா, அது தும்பிக்கையைச் சுருட்டிக் காதுல வெச்சுக்கிட்டு ஓடிடும். இதுல வேற, உங்க இலையில ரெண்டாவது உருண்டை வெச்சேனே! நீங்க என்னை அடிக்காம விட்டதே பெரிசு!"

பேச்சியம்மா முதலில் சிரித்தாள். பிறகு இருளப்பரும் சிரித்தார். நாக்கு இன்னும் சரியாகப் பிரியாததால் அவர் சிரிப்பு சீட்டி அடித்தது போல வந்தது. அதைக் கேட்டு எல்லாரும் இன்னும் சிரித்தார்கள்.

ஆனால் சம்பந்தம் என்றால் சும்மாவா? சிரித்து முடித்ததும் இருளப்பர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"நல்ல பையன்தான். ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்கே. போய்ட்டு வர்றோம் தம்பி."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சடையாண்டிக்குத் தெரியும். அவன் சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. அழுகையை அடக்கிக்கொண்டு தலையாட்டினான்.

"நிஜமாவே வருவோம்பா," என்றாள் செவந்தி அப்பாவிடம். "அடுத்த வாரம். அவரு தப்பை அவரே சொல்லிச் சிரிக்கிறாரு. இன்னொரு தடவை கிண்டட்டும்."

இருளப்பர் மகளைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார். "சரி, ஒரே ஒரு தடவைதான்" என்றார்.

அன்றைக்கே சடையாண்டி மறுபடியும் கொட்டை பொறுக்கினான். உடைத்து, நறுக்கி, ஊறப் போட்டான். தண்ணீர் செம்பட்டையானதும் கொட்டினான். ஒரு துண்டை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தான். மறுபடியும் ஊற்றினான், கொட்டினான், சுளித்தான். தண்ணீர் தெளிந்து, முகம் சுளிக்காமல் நின்ற பிறகுதான் அரைக்கவே உட்கார்ந்தான். எச்சில் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

சொன்னபடி மூவரும் வந்தார்கள். சடையாண்டி இலை போட்டான். சட்டியைக் கொண்டுவந்து வைத்தான். ஆனால் தலை மட்டும் நிமிரவே இல்லை.

இருளப்பர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் ஒரே ஒரு உருண்டைக்கான களிதான் இருந்தது.

"என்னய்யா இது! நாங்க மூணு பேர் வந்திருக்கோம்! மீதி எங்கே?"

"ருசி பார்த்தேன் மாமா," என்றான் சடையாண்டி ஈனமான குரலில். "முதல்ல துவர்ப்பு போயிடுச்சான்னு பார்த்தேன். அப்புறம் பதம் சரியான்னு பார்த்தேன். அப்புறம், பார்த்தேனா பார்க்கலையான்னு சந்தேகம் வந்துடுச்சு. அதனால மறுபடியும் பார்த்தேன். நல்லா இருந்துச்சா, நிறுத்த முடியலை. நான் ஒண்ணு, பார்க்காமலே கெடுப்பேன். இல்லேன்னா பார்த்தே தீர்ப்பேன்!"

இருளப்பருக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் செவந்தி அந்த ஒரு உருண்டையை எடுத்து மூன்றாகப் பிய்த்துவிட்டாள். அப்பாவுக்கு ஒன்று கொடுத்தாள். அம்மாவுக்கு ஒன்று கொடுத்தாள். மூன்றாவதைத் தான் வாயில் போட்டுக்கொண்டாள்.

யாரும் "பிரமாதம்" என்று சொல்லவில்லை. மூன்று பேரும் விரலை நக்கிக்கொண்டிருந்தார்கள். இருளப்பர் சட்டியை மறுபடி ஒருமுறை சாய்த்துப் பார்த்தார்.

"அப்பா, நீங்களும் அம்மாவும் கிளம்புங்க," என்றாள் செவந்தி, சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு. "நான் இனி இங்கேதான். அடுத்த தடவை நீங்க சாப்பிட வரும்போது களி மிஞ்சியிருக்கணும்னா, இவரு பக்கத்துல ஒரு ஆள் காவலுக்கு இருந்தாத்தான் ஆகும்!"

சடையாண்டிக்கு இரண்டாவது முறையாக ஒரு வார்த்தையும் வரவில்லை.

மரியாதைக்காகச் சொல்லும் புகழ்ச்சியை நம்பாமல், தன் குறையைத் தானே முதலில் ருசி பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவன்தான் அதைத் திருத்திக்கொள்வான்.