வாலிறகு மெத்தை

பறவைகளுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மலைக்காட்டில் பொழுது சாய்ந்தபின் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. "என்ன இல்லே? என்ன இல்லே?" என்று மரம் மரமாக நெருங்கி வந்தது.

மரப்பொந்தில் இருந்த இருவாச்சிப் பெண் செம்பி முட்டையை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அதுதான் முதல் முட்டை. சத்தம் வாசலுக்கே வந்தபின்தான் தெரிந்தது, வந்தது பேயல்ல, மூட்டை சுமந்த வால்காக்கை என்று.

"பயந்துட்டியா அக்கா? வியாபாரிதான். ஐயோ, வாசலுக்கு ஒரு திரைகூட இல்லையே! பாம்பு வந்தா?"

அதுவரை செம்பிக்குப் பாம்பு நினைவே வந்ததில்லை. இப்போது வந்துவிட்டது. ஓர் இறகைப் பிடுங்கிக் கொடுத்துப் பாம்புச்சட்டைத் திரை வாங்கினாள். அன்று நன்றாகத் தூங்கினாள். மறுநாளும் அதே சத்தம். திரை போட்ட வீட்டில் குன்றிமணிச் சரம் இல்லாமலா? சரம் வந்தபின் மயில் விசிறி. ஒவ்வொன்றுக்கும் சில இறகுகள். ஒவ்வொரு நிம்மதியும் அடுத்த பொழுது சாயும்வரைதான் தாங்கியது.

அத்திப்பழத்தோடு வந்த கணவன் காளன் உள்ளே எட்டிப் பார்த்தான். "முட்டை எங்கே?"

"வாசல் ஓரத்திலே. உள்ளே இடமில்லைங்க."

"பறக்கிறதுக்கு இறகு வேணாமா உனக்கு?"

"பிள்ளைக்குத்தானே வாங்கறேன்." அவன் கீழ்க்கிளையில் போய் உட்கார்ந்தான்.

அன்று வால்காக்கை மெத்தையோடு வந்தான். "இது இல்லாம குஞ்சுக்கு உடம்பு நோகும் அக்கா. மிச்சம் இருக்கிற இறகைக் கொடு, போதும்." சொல்லிக்கொண்டே மெத்தையை உள்ளே திணித்தான். திணித்த வேகத்தில் முட்டை உருண்டு வாசலைத் தாண்டியது.

செம்பி வாசலுக்குப் பாய்ந்தாள். இறக்கையை விரித்தாள், பறக்க இறகில்லை. கீழ்க்கிளையில் இருந்த காளன் கழுத்தை நீட்டினான். அலகுக்குள் முட்டை. ஒரு கீறல்கூட இல்லை.

அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுது தீர்த்தபின்தான் அவள் மெத்தையைக் கவனித்தாள். பிரிந்த ஓரத்தில் ஒரு வெள்ளை இறகு, அதில் கறுப்புப் பட்டை. அவளுடைய வாலிறகு.

"இது என்னோடது!"

"உன்னோடதுதான் அக்கா," என்றான் வால்காக்கை, கொஞ்சமும் கூசாமல். "தைச்சது நான்."

"அப்போ தையலை மட்டும் எடுத்துட்டுப் போ!"

மெத்தையைக் கிழித்து இறகைப் பொந்தில் பரப்பினாள். திரை, சரம், விசிறி எல்லாம் வால்காக்கையின் தலைமேல் விழுந்தன. பொந்து இத்தனை பெரிதா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"என்னங்க, கொஞ்சம் சேறு கொண்டுவாங்க."

அவன் கொண்டுவரக் கொண்டுவர, அவள் உள்ளிருந்தே வாசலைப் பூசினாள். பழம் ஊட்ட அவன் அலகு நுழைய ஓர் இடுக்கு மட்டும் விட்டாள்.

மறுநாள் பொழுது சாய்ந்தது. "என்ன இல்லே?"

"இடம் இல்லே! நடையைக் கட்டு!" என்றாள் செம்பி இடுக்கு வழியே.

கிளையிலிருந்த காளன் சிரித்த சிரிப்பு காடெல்லாம் கேட்டது. உள்ளே செம்பியும் சிரித்தாள்.

அன்று முதல்தான் இருவாச்சிப் பெண் தன் இறகைத் தன் பிள்ளைக்கே உதிர்க்கிறாள். பொந்துக்குள் போனதும் முதல் வேலையாகக் கதவை உள்ளேயிருந்து அடைத்துக்கொள்கிறாள்.