உச்சந்தலையில் திருட்டு மேடு

முன்னொரு காலத்தில், சிலர் தலையில் கிரீடமும் பலர் தலையில் மண்கூடையும் இருந்த ஒரு நாட்டில், ராஜாவுக்குப் புதிதாக ஓர் ஆசை வந்தது. திருட்டு நடந்த பிறகு திருடனைப் பிடித்து என்ன பயன்? நடக்கும் முன்பே பிடித்துவிட வேண்டும்.

ஆசை வெளியே கசிந்த எட்டாம் நாள், கபாலசிகாமணி என்றொரு பண்டிதர் தலையை அளக்கும் வெள்ளிக் கவராயத்தோடு அரண்மனைக்கு வந்து சேர்ந்தார்.

"மகாராஜா, மண்டைக்குள் இருபத்தேழு அறைகள் உள்ளன. எந்தக் குணம் மிகுதியோ அந்த அறை பெருத்து, மண்டையோட்டை மேலே தள்ளும். உச்சந்தலையில் மேடு இருந்தால் அவன் திருடன். ஏழு நாட்டுச் சிறைகளில் நானூறு திருடர்களின் தலையைத் தடவினேன். முந்நூறு பேருக்கு அந்த மேடு இருந்தது."

அவையின் விகடகவி கூத்தையன் எழுந்தான். "சிறைக்கு வெளியே எத்தனை தலையைத் தடவினீர், பண்டிதரே?"

"திருடாதவன் தலையைத் தடவி எனக்கென்ன ஆகப்போகிறது?"

அவை சிரித்தது. அமைச்சர் பூவராகர் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். கூத்தையன் வாயடைத்து உட்காரும் நாள்தான் அவருக்குத் திருநாள்.

பண்டிதர் முதலில் அவையோர் தலைகளைச் சோதித்தார். அமைச்சர், தளபதி, பொக்கிஷக்காரர், கூத்தையன் என்று எல்லாத் தலைகளும் வழவழவென்று இருந்தன. 'திருட்டு மேடு இல்லை' என்று ஆளுக்கொரு ஓலை எழுதி முத்திரை வைத்தார். தமக்கும் ஒன்று எழுதிக்கொண்டார். மொத்தம் இருபது ஓலை.

பிறகு ஊருக்கு வெளியே போனார். பெரிய ஏரியின் கரை உடைந்து, ஜனங்கள் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். தடவிய தலையெல்லாம் மேடு. விவரம் தெரிந்த நாள் முதல் சும்மாடு வைத்துக் கூடை சுமந்தவர்கள். தோல் காய்த்துத் தடித்துப் போயிருந்தது. இருநூறு பேரைச் சிறையில் தள்ளினார்கள். அதிலும் பெரிய மேடு மூக்கனுக்கு. முப்பது வருடம் கல் சுமந்தவன். இவன் திருடும் முன்பே வலது கையை எடுத்துவிடுவது நல்லது என்றார் பண்டிதர். பௌர்ணமிக்கு நாள் குறித்தார்கள். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மூக்கனின் மனைவி காத்தாயி கூத்தையன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, எம்புருசன் அடுத்தவன் வேலியில ஒரு முருங்கக்கா பறிச்சதில்ல. கையை வெட்டிப்புட்டா அந்த மனுசன் என்ன செய்வாரு?"

"மேடு இருக்கே தாயி?"

"முப்பது வருசம் கல்லு சொமந்த தலையில மேடு வராம மல்லியப்பூவா பூக்கும்?"

கூத்தையன் தன் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "இதை நான் அவையில சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாக. அவுக தலையே சொல்லணும்" என்றான்.

மறுநாள் வானம் கறுத்தது. கரையோ பாதியில் நின்றது. ராஜா பதறினார். பூவராகருக்கு அது வசதியாகப் போயிற்று.

"மகாராஜா, கூத்தையன் முடிக்காத காரியமும் உண்டோ? கரையை அவனிடம் ஒப்படையுங்கள். ஆனால் மேடுள்ள தலை ஒன்றுகூடக் கூடையைத் தொடக்கூடாது. பத்து நாளில் முடியாவிட்டால் அவனும் சிறைக்குப் போகட்டும்."

"மேடில்லாத தலை யாருடையது என்றாலும் நான் கூப்பிடலாமா, மகாராஜா?" என்றான் கூத்தையன்.

"யாருடையதானாலும் கூப்பிடு. இது என் ஆணை."

பொழுது விடிந்ததும் சேவகர்கள் பூவராகரின் கதவைத் தட்டினார்கள். கையில் ஒரு கூடை.

"நான் அமைச்சரடா!"

"மேடில்லை என்று முத்திரை வாங்கியது நாட்டில் இருபதே தலைதானுங்களே" என்றான் சேவகன்.

கரையில் கூத்தையனும் சேர்ந்து இருபது பேர் மண் சுமந்தார்கள். காத்தாயிதான் மேற்பார்வை. "சும்மாட்ட இறுக்கிச் சுத்துங்க சாமி! கோழி கெளறுன மாதிரி சுத்துனா மண்டை பொளந்துபோகும்." பண்டிதர் இரண்டு முறை கூடையோடு விழுந்தார். தளபதி யாரும் பார்க்காதபோது அழுதார்.

நான்காம் நாள் காலை, கூத்தையன் இருபது பேரையும் அவைக்கு அழைத்து வந்தான்.

"வேலையை நிறுத்திவிட்டேன், மகாராஜா. மேடுள்ள தலை கூடையைத் தொடக்கூடாது என்பது ஆணை. மீற எனக்குத் துணிவில்லை. தாங்களே தடவிப் பாருங்கள்."

ராஜா அரியணையிலிருந்து இறங்கி வந்து பூவராகரின் உச்சந்தலையில் விரல் வைத்தார். அமைச்சர் "ஐயோ!" என்று துள்ளினார். எலுமிச்சம்பழம் போல வீங்கியிருந்தது. தளபதிக்கும் வீக்கம். பொக்கிஷக்காரருக்கு இரண்டு. பண்டிதர் தலையிலும் மேடு தட்டுப்பட்டதும் ராஜாவின் முகம் மாறியது.

"மூன்றே நாளில் என் அவை முழுக்கத் திருடர்களா? காவலா, கைகளை வெட்டு! இந்தப் பண்டிதர் கையிலிருந்து தொடங்கு!"

"மகாராஜா!" பண்டிதர் காலில் விழுந்து அலறினார். "இது திருட்டு மேடே இல்லை! மண் சுமந்ததால் வந்தது! யார் சுமந்தாலும் வரும்!"

மற்றவர்கள் தத்தம் தலை வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"இதைத்தான் காத்தாயி சொன்னாள்" என்றான் கூத்தையன். "அவளிடம் முத்திரை இல்லை."

ராஜா பண்டிதரைப் பார்த்தார். அமைச்சரின் வீக்கத்தைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, தம் கழுத்து முத்துமாலையைக் கூத்தையனுக்குப் போட்டார்.

"இன்னும் ஏதாவது கேள்."

"சிறையைத் திறக்கச் சொல்லுங்கள். கரை முடியும்வரை அவர்களுக்கு அரண்மனைச் சமையல். பண்டிதரும் அமைச்சரும் கூடவே மண் சுமக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

அன்று மத்தியானம் ஏரிக்கரையில் இருநூறு இலை விழுந்தது. மூக்கன் சோற்றை வலது கையால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான். பருப்பு, குழம்பு, மறுபடியும் சோறு என்று கை நிற்கவேயில்லை.

காத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மெதுவா தின்னுய்யா" என்றாள். "கை எங்கயும் போயிடல."