திரும்பட்டுமா

"அக்கா உள்ளே இருக்காளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

கேட்டவர் டாக்டர் கனகசபை. வயது அறுபத்திரண்டு. அதில் முப்பது வருடம் மூளை ஆராய்ச்சியிலேயே போய்விட்டது. அவர் குருவாக வரித்துக்கொண்ட சாரதாமணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நினைவு தப்பியவர்களை வைத்துப் பராமரிக்கும் ஆசிரமம் அவருடையது.

கட்டிலில் டாக்டரின் அக்கா பங்கஜம். எட்டு மாதமாகக் கண் மட்டும் திறந்திருக்கிறது. கஞ்சி குழாய் வழியாகப் போகிறது.

"அக்கா பையன் இன்னைக்குப் பதில் கேக்கறான். நான் 'இல்லை'ன்னா குழாயை எடுத்துடுவாங்க."

"ஸ்கேன் என்ன சொல்லுது?"

"ஒண்ணுமில்லை. மூளைங்கிறது கணக்குப் போடற யந்திரம்மா. கணக்கு நின்னா ஆள் இல்லை. இங்க யாருமில்லை."

"அப்ப அதையே சொல்லிடுங்களேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூங்கி நாலு நாள் ஆகிறது. படித்த படிப்பெல்லாம் பாரமாக இருந்தது.

"எங்க லேப்ல ஒரு கம்ப்யூட்டர் 'எனக்கு வலிக்குது'ன்னு அழகா எழுதுது. அதை நான் நம்பலை."

"பேசறதையும் நம்பலை, பேசாததையும் நம்பலை. எனக்குள்ள ஆள் இருக்குன்னு மட்டும் எப்படி நம்பறீங்க?"

"பழக்கதோஷம்."

சாரதாமணி சிரித்தார். அவருக்கும் அலுப்புதான். காலையிலிருந்து ஒன்பது பேரைக் குளிப்பாட்டியாயிற்று, பத்தாவது பங்கஜம். எழுந்து போய் வாளியில் வெந்நீர் கொண்டுவந்தார். பங்கஜத்தை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் புடவையைத் தளர்த்தினார்.

கனகசபை சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"ஏன் திரும்பிட்டீங்க?"

"துணி மாத்தறீங்களே."

"யாருமில்லைன்னீங்க. நீங்க டாக்டர் வேற."

அவர் திரும்பவில்லை. கழுத்துவரை வெட்கமாக இருந்தது.

துண்டைப் பிழியும் சத்தம் கேட்டது. பிறகு புதுப் புடவையை உதறும் சத்தம். பிறகு எதுவும் கேட்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா பையன்தான். அடித்து ஓயும்வரை அவர் எடுக்கவில்லை.

"முடிஞ்சுதாம்மா? திரும்பலாமா?"

"என்னை ஏன் கேக்கறீங்க?"



"அக்கா," என்றார், சுவரைப் பார்த்தபடியே. "திரும்பட்டுமா?"