வெளுத்துக் கிடந்த அகராதி

விருதுநகரில் ஆங்கிலப் பயிற்சி நிலையம் நடத்தும் ஏகாம்பரம் சார், "டீ நல்லா இருக்கு" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அதற்கும் ஒருவருக்கும் புரியாத ஓர் இங்கிலீஷ் வார்த்தை வைத்திருப்பார். மேசையில் இரண்டு கிலோ அகராதி. "முழுசும் மனப்பாடம்" என்பார்.

ஒருநாள் அவருக்கு ஞானோதயம் பிறந்தது. இனி அங்கே வேலை பார்ப்பவர்கள் தினம் பத்துக் கஷ்டமான வார்த்தைகளை அர்த்தத்தோடு ஒப்பிக்க வேண்டும். தவறினால் வேலை கிடையாது. முதல் ஆளாக, கூட்டிப் பெருக்கும் பேச்சியம்மாளை வகுப்பின் நடுவே நிறுத்தினார்.

"எனக்கு ஏபிசிடியே தெரியாதே சார்."

"அப்போ கிளம்பு. இல்லேன்னா, இந்த அகராதியில எனக்குத் தெரியாத ஒரு வார்த்தையக் காட்டு. உன்னை விட்டுடறேன்."

வகுப்பே சிரித்தது.

பேச்சியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அகராதியைத் தூக்கினாள். தாள்களின் விளிம்பை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினாள். முதல் கால்வாசி விரல் பட்டுக் கறுத்திருந்தது. மிச்சமெல்லாம் கடையிலிருந்து வந்த வெள்ளை குலையாமல் இருந்தது.

"தினமும் இதைத் தூசி தட்டுறவ நான்தானே சார். கறுப்பு முடியுற இடத்தைத் தாண்டி நீங்க போனதே இல்லை."

வெள்ளையில் ஓரிடத்தைப் பிரித்தாள். ஒட்டிக் கிடந்த தாள்கள் சரசரவென்று விலகின. அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல எதுக்காவது அர்த்தம் சொல்லுங்க சார்."

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மணி அடிக்கும்வரை துடைத்தார்.

அன்றே உத்தரவு வாபஸ். மறுநாள் பார்த்தால், அகராதியின் விளிம்பு கடைசிப் பக்கம்வரை கறுத்திருந்தது. பேச்சியம்மாள் வழக்கம்போல் ஒரு துடை துடைத்தாள். துணியெல்லாம் ஸ்டாம்ப் பேடு மை.