வீடியோவில் உள்ளபடி ஒரு மோட்டார்

கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே மெக்கானிக்கல் கடைசி வருஷத்தில் நாலு பேர் படிப்பதாகக் கல்லூரி சொல்லிக்கொண்டிருந்தது. நாலு பேரும் அதை நம்பினார்கள்.

சங்கிலிப்பாண்டி, அபூபக்கர், ஜெபசிங், மலர்க்கொடி என்ற அந்த நால்வரில் சங்கிலிப்பாண்டிக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். நடுவே ஒரே ஒரு தடங்கல், புராஜெக்ட் தேர்வு. பிரித்துப் போட்ட தண்ணீர் மோட்டாரைத் தேர்வாளர் கண்ணெதிரே மாட்டி ஓடவிட வேண்டும். முதல் தடவை மாட்டி முடித்தபோது ஏழு ஸ்குரு மிச்சம் இருந்தது. இரண்டாம் தடவை மிச்சம் எதுவும் இல்லை, ஆனால் அபூபக்கரின் சட்டைப் பொத்தானும் உள்ளே போயிருந்தது. மூன்றாவதிலும் கோட்டை விட்டால் வேலையும் போச்சு, பட்டமும் போச்சு.

துறைத் தலைவர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு இணையதள முகவரியை எழுதிக் கொடுத்தார்.

"இந்த மோட்டாரை மாட்டுற வீடியோ இதுல இருக்கு. அதுல உள்ளபடியே செய்யணும். சொந்த மூளையைத் தொடவே கூடாது, புரியுதா?"

இப்படி ஒரு உத்தரவுக்காகத்தான் நால்வரும் நாலு வருஷமாகக் காத்திருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் லேப்டாப்பைத் திறந்தார்கள். வீடியோவில் வழுக்கைத் தலையோடு ஒரு சார் வந்தார். மோட்டாரை மாட்டப்போவது சங்கிலிப்பாண்டி என்பதால் அன்றைக்கே அவனுக்கு மொட்டை போடப்பட்டது. போனில் பார்த்த அவன் அம்மா, "எந்தக் கோயிலுக்குய்யா?" என்று கேட்டாள். "வீடியோவுக்கும்மா," என்றான்.

மூன்றாம் நிமிஷத்தில் சார் தும்மினார்.

"மாட்டுறவன்தாம்லே தும்மணும். நான் மிளகாப்பொடி கொண்டாரேன்," என்றான் அபூபக்கர்.

எட்டாம் நிமிஷத்தில் சாரின் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். மூன்று பையன்களும் மலர்க்கொடியைப் பார்த்தார்கள்.

"என்னைய எதுக்குப் பாக்கிய? நான் இஞ்சினியருக்குப் படிக்க வந்தவ," என்றாள் அவள். ஜெபசிங் அக்காவின் சேலையைக் கேட்டு ஊருக்குப் போன் போட்டான்.

பதினோராம் நிமிஷத்தில்தான் சிக்கல். ஸ்பேனரைத் தூக்கிய சார், தூக்கியபடியே நின்றுவிட்டார். வாய் பாதி திறந்திருந்தது. முகத்துக்கு நேரே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நெட்டு நின்னுட்டுலே," என்றான் ஜெபசிங்.

"நின்னது நெட்டா, சாரான்னு நாம எதுக்கு யோசிக்கணும்? யோசிச்சா அது சொந்த மூளை ஆயிரும்லா?" என்றான் சங்கிலிப்பாண்டி.

எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. சார் நின்றது நாலு நிமிஷம் இருபது விநாடி என்று குறித்துக்கொண்டார்கள்.

"வட்டத்தை யாருலே பாக்கது?" என்றான் அபூபக்கர்.

"அது என் பொறுப்பு," என்றாள் மலர்க்கொடி.

தேர்வு நாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மிளகாய்ப்பொடி கொஞ்சம் காரசாரமாக இருந்ததால் தும்மல் மட்டும் ஏழாகப் போய்விட்டது. கூடுதலான ஆறுக்கும் சங்கிலிப்பாண்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். ஜெபசிங் சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு காப்பியை வைத்துவிட்டுப் போனான்.

பதினோராம் நிமிஷத்தில் சங்கிலிப்பாண்டி ஸ்பேனரைத் தூக்கினான். வாயைப் பாதி திறந்தான். நின்றான். மலர்க்கொடி அவன் முகத்துக்கு நேரே வந்து சுற்ற ஆரம்பித்தாள்.

ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. துறைத் தலைவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சங்கிலிப்பாண்டிக்குக் கை கடுத்தது, கண்ணில் நீர் முட்டியது. ஓசூர் கைவிட்டுப் போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் அசையவில்லை, பாவம்.

தேர்வாளர் எழுந்து பக்கத்தில் வந்தார். அவனை உற்றுப் பார்த்தார். சுற்றுகிறவளையும் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா இப்படிச் சுத்துது?"

"ரெண்டு நிமிஷமா சார்," என்றான் அபூபக்கர்.

தேர்வாளர் பரிதாபமாக உச்சுக்கொட்டினார்.

"பழைய கட்டடம், சுவரெல்லாம் தடிமன். சிக்னல் உள்ளே வராதுப்பா. தூக்கி ஜன்னல் பக்கம் வைங்க."

அபூபக்கரும் ஜெபசிங்கும் சங்கிலிப்பாண்டியை அப்படியே தூக்கிப்போய் ஜன்னலோரம் வைத்தார்கள். கூடவே போன மலர்க்கொடி இன்னும் அரைச் சுற்று சுற்றி நின்றாள். ஸ்பேனர் கீழே இறங்கியது. மோட்டாரை நகர்த்திக் கொடுத்தார்கள், மாட்டினான், ஓடியது, தண்ணீரும் கொட்டியது.

தேர்வாளர் முழு மதிப்பெண் போட்டு, நற்சான்றிதழில் தன் கைப்பட ஒரு வரியும் எழுதிக் கொடுத்தார். ஓசூர் மேலாளர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு எழுந்து, ஜன்னலோரம் இருந்த தன் நாற்காலியையே சங்கிலிப்பாண்டிக்குக் கொடுத்துவிட்டார். அதில் எழுதியிருந்தது: "நல்ல பையன். ஜன்னலோரம் வைத்தால் தடங்கல் இல்லாமல் ஓடுவான்."