இரண்டு காது ஊசி

ஒரு பனியன் கம்பெனி, ஒரு உடைந்த ஊசி, நாலு பேர். கதை இவ்வளவுதான். முடிவில் ஒரு கேள்வி வரும். அதுவரை ஊசியின் மேல் கண் இருக்கட்டும்.

திருப்பூர்ப் பக்கம் அந்தக் கம்பெனி. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு மலிவு விலையில் சட்டை தைத்து அனுப்புவார்கள். அங்கே ஒரு கறாரான சட்டம். தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுத வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அன்றைக்குத் தைத்த அத்தனை சட்டையையும் நிறுத்திவைத்துச் சோதிக்க வேண்டும். எங்கோ ஒரு குழந்தைக்கு ஊசி குத்திவிடக் கூடாதாம். நல்ல சட்டம்தான். தைக்கிறவள் விரலைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரி கிடையாது.

இந்திராணிக்குப் பதினைந்தாம் நம்பர் மெஷின். பக்கத்தில் பதினான்கில் மாரிக்கனி. இருவரும் ஒரே ஊர், ஒரே அறை. மார்ச் 23ஆம் தேதி இந்திராணியின் ஊசி அவளுடைய ஆள்காட்டி விரலில் இறங்கி உடைந்தது. மெஷினில் நின்ற பாதியில், நூல் கோக்கிற காது அப்படியே இருந்தது. காதுக்குக் கீழே இருந்த முனையைத்தான் காணோம்.

சூப்பர்வைசர் தனபால் ஓடி வந்தான்.

"துண்டு எங்க புள்ள?"

"சார், விரல்ல ரத்தம் நிக்க மாட்டேங்குது."

"அதையா கேட்டேன்? துண்டு எங்க?"

காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் துழாவினான். கிடைக்கவில்லை. வாசலில் லாரி நின்றது. பழைய ஊசி டப்பாவில் கையை விட்டு, கிடைத்த ஒரு முனையை எடுத்து, மெஷினில் நின்ற பாதியோடு சேர்த்து நோட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டான். விரலுக்கு ஒரு பிளாஸ்திரி.

ஐந்தாம் நாள் விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே முனை பளிச்சென்று தெரிந்தது. கொண்டுபோய்க் காட்டினாள்.

"எங்க ஊசி முழுசா நோட்டுல இருக்கு. நீ வேற எங்கயோ குத்திக்கிட்டு வந்து நாடகம் போடற" என்றான் தனபால். அன்றோடு வேலையும் போனது.

டாக்டர் உடனே எடுக்கச் சொன்னார். இந்திராணி முடியாது என்றாள். விட்டால் விரல் மடங்காது என்றார். "மடங்காட்டிப் போகுது. அவன் வாயால ஒத்துக்கற வரைக்கும் உள்ளயே கெடக்கட்டும்." வலிக்கும்போதெல்லாம் அவன் பேரைச் சொல்லித் திட்டினாள். அப்போதுதான் தூக்கம் வந்தது.

அந்தச் சமயம் ஷர்மிளா என்ற பெண், சட்டை ஏன் இவ்வளவு மலிவு என்று ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இந்திராணியைப் படம் பிடித்தாள். தனபாலுக்கும் எழுதிக் கொடுத்தாள்: உங்கள் மேல் எந்தக் குற்றம் வந்தாலும், வெளியிடும் முன் உங்களிடம் கேட்பேன். அவன் கேமரா முன்னால் நோட்டையே விரித்தான். "பாருங்க மேடம். மேல பதினாலாம் நம்பரு, கீழ பதினஞ்சு. ரெண்டு ஊசியும் முழுசா இருக்குதுங்."

ஷர்மிளா லேப்டாப்போடு அறைக்கு வந்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது. "இந்திராணி, அவர்கிட்ட சாட்சி இருக்கு. உன் பகுதிய எடுத்துடணும் போல."

"போட்டுக் காட்டுங்கக்கா."

மாரிக்கனியும் பார்த்தாள். கட்டை விரலில் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. மூன்று வாரமாக நகச்சுத்தியாம். தனபால் சொன்ன வைத்தியம்.

"ஜூஸ் கடை போடப் போறியாடி?" என்றாள் இந்திராணி. மூன்றாவது தடவை பார்த்தபோது கத்தினாள். "நிறுத்துங்க! பெருசாக்குங்க. ஒரு ஊசிக்கு எத்தனை காது?"

"ஒண்ணு."

"எண்ணுங்க."

பாதி ஊசியில் ஒரு காது. ஒட்டிய முனையில் இன்னொரு காது. இந்திராணி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அவள் பார்வை மேல் வரிசைக்குப் போனது. சிரிப்பு நின்றது.

ஷர்மிளா தனபாலைக் கூப்பிட வேண்டும் என்றாள். "வாக்குக் குடுத்திருக்கேன்."

"அவனுக்கு எதுக்கு வாக்கு? போய் நோட்டக் கிழிச்சிருவான்."

"கிழிக்கட்டும். கேமராவுல இருக்குறதக் கிழிக்க முடியாது."

தனபால் வந்தான். பார்த்தான். கேமரா ஓடுகிறது என்று ஷர்மிளா சொல்லியும் அவன் காதில் விழவில்லை. "லாரி நின்னுச்சுங் மேடம், டப்பால இருந்ததை எடுத்து ஒட்டிட்டேன். அந்த ஒரு காட்சிய மட்டும் வெட்டிருங்க. இந்தப் புள்ளைக்கு நாளைக்கே வேலை, வைத்தியம் எல்லாம் கம்பெனி பாத்துக்கும். வெளிநாட்டுக்காரன் பாத்தா ஆர்டர் நின்னுரும். முன்னூறு பொம்பளைங்க வீட்டுக்குப் போகணும்."

மாரிக்கனி இந்திராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெட்டச் சொல்லிரு இந்து. வேலை போனா எங்கம்மாவுக்கு நான் என்னத்த அனுப்புவேன்?"

இந்திராணி தனபாலையே பார்த்தாள். "வெட்டாதீங்கக்கா. இப்ப வேர்க்குது பாருங்க, அதையும் சேத்துப் போடுங்க."

எதிரிக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றினாள் ஷர்மிளா. அம்மாவின் சோற்றுக்காகக் கெஞ்சினாள் மாரிக்கனி. கைக்கு வந்த வேலையை உதறிப் பழி வாங்கினாள் இந்திராணி. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

பதில்: இந்திராணி. நோட்டில் அந்தப் பக்கத்தின் மேல் வரிசையைப் பாருங்கள். மார்ச் 16, மெஷின் 14. அந்த ஊசிக்கும் இரண்டு காது. பதினான்கு யாருடைய மெஷின்? நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழம் மாட்டச் சொன்னது யார்? எவன் மாரிக்கனியின் விரலுக்குள் ஊசியை விட்டு மூடினானோ, அவனுக்காகத்தான் அது தெரியாமல் அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். காட்சியை வெட்டியிருந்தால் அவள் ஊசியும் சேர்ந்து மறைந்திருக்கும். தனபால் படி இறங்கியதும் இந்திராணி எலுமிச்சையைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தாள். "கெளம்புடி, எக்ஸ்ரேக்கு." அவன்தான் வாயால் ஒத்துக்கொண்டானே, தன் விரலையும் அன்றைக்கே டாக்டரிடம் நீட்டினாள். படத்தின் கடைசியில் பேச்சே இல்லை. தட்டில் ஊசி முனை விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். இரண்டு தடவை.