முடியை இறக்கி வைத்த ராஜா

"பட்டத்தை அந்தப் புள்ளைகிட்டக் குடுத்து ஒரு மாசமாச்சுங்க அம்மணி. ஒருத்தனும் அவளை ராணியா மதிக்க மாட்டேங்கறானுங்க" என்றார் சென்னியப்பன்.

கேட்டுக்கொண்டிருந்த கௌசிகா பெருந்துறையில் கேம் சென்டர் வைத்திருப்பவள். அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆனால் அந்த ராஜா விளையாட்டை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் என்பதால், அவள் முன்னால் அவர் கைகட்டித்தான் நிற்பார்.

கணினிக்குள் ஒரு பழங்காலத்து ராஜ்ஜியம். ஆறு வருஷமாக அவர்தான் ராஜா. அவருக்குக் கீழே ஐந்து சிற்றரசர்கள். ஐவரும் ஊர் ஊராக உட்கார்ந்து விளையாடும் நிஜ ஆட்கள். மணிக்கட்டு வலி தாங்காமல் மிருதுளா என்ற கல்லூரிப் பெண்ணுக்கு முடி சூட்டிவிட்டு, சபையில் ஓர் ஓரத்து ஆசனத்தை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார்.

அன்று பிடித்தது சனி. ஒருவன் ராணிக்குக் கப்பம் கட்டவில்லை. இன்னொருவன் படை அனுப்பவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. ஒருவனை மிரட்டினார், ஒருவனுக்கு ஊர் கொடுத்தார், எல்லாரிடமும் தனித்தனியாகப் பேசினார். பேசப் பேசக் கலகம் கூடியதுதான் மிச்சம்.

இன்று சாயங்காலத்துக்குள் சபை அடங்காவிட்டால் முடியைக் கழற்றிவிட்டுப் போகிறேன் என்று மிருதுளா சொல்லிவிட்டாள். ராஜா இல்லாத ராஜ்ஜியத்தை விளையாட்டே கலைத்துவிடும்.

"நான் எங்கீங்க தப்புப் பண்ணினேன்?"

போன் அடித்தது. மேற்குக் கோட்டைச் சிற்றரசர், காங்கேயத்து ரத்தினம். எதிரி ஆற்றங்கரைக்கு வந்துவிட்டானாம், என்ன செய்வதென்று கேட்டார்.

"ஆத்தைத் தாண்டாதீங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து புலம்பினார். அடுத்த சிற்றரசர் கூப்பிட்டார். அவருக்கும் வழி சொல்லிவிட்டுப் புலம்பினார்.

கௌசிகா எழுந்து போய் இரண்டு கிளாஸ் டீ வாங்கி வந்தாள். கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஒன்றை அவர் வலது கையில் கொடுத்தாள்.

"இதையுங் கொஞ்சம் புடிங்கண்ணா" என்று மற்றதை இடது கையில் கொடுத்தாள்.

அவர் மேஜைமேல் வைக்கப் போனார்.

"வெக்காதீங்க."

போன் அடித்தது. ரத்தினம்தான். சென்னியப்பன் போனைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியவில்லை. போன் ஓய்ந்தது. மறுபடி அடித்தது, மறுபடி ஓய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் திரையில் ரத்தினத்தின் ஓலை வந்தது. முதல் தடவையாக அது ராணியின் பெயருக்கு வந்திருந்தது. என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தார்.

ஆற்றைத் தாண்டுங்கள் என்று மிருதுளா பதில் போட்டாள்.

"ஐயோ, தாண்டக் கூடாதுங்க அம்மணி!"

ரத்தினம் தாண்டிவிட்டார். அவர் பின்னால் மற்ற நான்கு கொடிகளும் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே தன் வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரியும் இருந்தது. இரண்டில் எது நிஜம் என்று அவருக்குத் தெரியவில்லை.

போன் அதற்கப்புறம் அடிக்கவில்லை.

"கை சுடுதுங்க அம்மணி. எப்பக் கீழ வெக்கறது?"

"அந்தப் போனைப் பாக்கறதை எப்ப நிறுத்தறீங்களோ, அப்ப வெச்சுருங்கண்ணா."